அண்ணன் கொடுத்த தகடு

கட்டர் உடைகிற சத்தம் பெரிய சத்தம் இல்லை. 'டிக்' என்று ஒன்று கேட்கும், அவ்வளவுதான். பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருப்பவருக்குக்கூடக் கேட்காது. பெயர் வெட்டுகிற மெஷினுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு மட்டும் அடிவயிற்றில் கேட்கும்.

அன்று காலை உடைந்தது மூன்றாவது கட்டர். 'சூ' என்ற எழுத்தின் உடம்பு முடிந்து, கீழே வளைந்து திரும்புகிற வால் இருக்கிறதே, அந்த இடத்தில் உடைந்தது. முதல் கட்டரும் அங்கேதான் போனது. இரண்டாவது அதுவரைகூட வந்து சேரவில்லை.

மெஷினை நிறுத்திவிட்டுத் தகட்டில் விரலை வைத்தேன். சுட்டது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஊசியால் கீறினாற்போல ஒரு தடம் இருந்தது. நகத்தை ஓட்டிப் பார்த்தேன், நகம் மாட்டவே இல்லை. வெளியே மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த ஆட்கள் தலையில் பாலிதீன் கவரைக் கவிழ்த்துக்கொண்டு என் கடை ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தபோது நான் ஏதோ வேலையாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்தத் தகட்டில் வெட்ட வேண்டியிருந்தது ஒரே ஒரு பெயர். சூசைநாதன். என் அண்ணன். அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். தன் கல்லறைச் சிலுவையில் பதிக்கப்போகிற தகட்டைக் கண்ணை மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தார். டாக்டர்கள் சொன்னபடி பார்த்தால் அதற்கு மூன்று வாரமோ நான்கு வாரமோதான் இருந்தது.

கேள்வி கேட்ட வாசகருக்கு

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் நான் கடை வைத்த கதையைச் சொன்னேன். அதிலிருந்து ஒரு வாசகர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். எந்த உலோகத்துக்கு எந்தக் கட்டர், எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம் என்று. அவரும் சின்ன மெஷின் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு முழிக்கிறார் போலிருக்கிறது. சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் இந்த வாரக் கதையும் விளங்காது.

என் மெஷின் ஒரு மேசைக்குள் அடங்கிவிடும். கீழே தகட்டைப் பிடித்துக்கொள்ளும் படுகை, மேலே சுழலும் மோட்டார், அதன் வாயில் பென்சில் முனை மாதிரி சீவிய கார்பைடு கட்டர். கம்ப்யூட்டரில் எழுத்தைக் கொடுத்தால் கட்டர் அதைத் தகட்டில் தோண்டிக்கொண்டே போகும். இந்தத் தொழிலில் தூக்கம் கெடுப்பவை இரண்டு எண்கள். கட்டர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது ஸ்பீடு. நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பது ஃபீடு. இரண்டும் ஒத்துப்போனால் உலோகம் சுருள் சுருளாக வரும். ஒத்துப்போகாவிட்டால் தூளாக வரும், அல்லது கட்டர் போய்விடும்.

பித்தளை நல்ல பிள்ளை. முப்பது டிகிரி சீவல், முனை கால் மில்லிமீட்டருக்கும் குறைவு, பதினெட்டாயிரம் சுற்று, நானூறு மில்லிமீட்டர் ஃபீடு. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். அலுமினியம் சரியான ஒட்டுவாரொட்டி. உருகிக் கட்டரிலேயே அப்பிக்கொள்ளும். மண்ணெண்ணெயைச் சொட்டவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வெட்டும் விளிம்பு ஒன்றே ஒன்று உள்ள ஒற்றை வாய் கட்டராகப் பார்த்துப் போட வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரோஷக்காரன். அதற்கு அறுபது டிகிரி சீவிய தடித்த முனை வேண்டும், கூர்முனை போட்டால் ஒரு வரிகூடத் தாங்காது. சுற்றை எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு இறக்கிவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஆழம் ஒரு தாளின் கனத்தில் பாதிதான். எண்ணெய் விடாமல் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஃபீடை மட்டும் குறைக்கக்கூடாது.

புதிதாக வருகிற எல்லோரும் தப்பு செய்வது இங்கேதான். கட்டர் உடைந்துவிடுமே என்று பயந்து ஃபீடைக் குறைப்பார்கள். மெதுவாகப் போனால் கட்டர் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடாகும். சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகத்தின் மேல்தோல் இறுகிப்போகும். அடுத்த சுற்றில் கட்டர் அந்த இறுகிய தோலில் போய் மோதி உடையும். பயந்து பயந்து தொட்டால் கெட்டது. அதனால் வாசகரே, தொடுகிறதாக இருந்தால் துணிந்து தொடுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் யூட்யூபில் சொல்கிற எண்களை அப்படியே போடாதீர்கள். அவர்கள் மெஷின் அரை டன் வார்ப்பிரும்பு. நம்முடையது மேசையோடு சேர்ந்து ஆடும். எண்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், யாரிடமும் கேட்டு எழுதியதில்லை. எல்லாம் நானே உடைத்து உடைத்துக் கண்டுபிடித்தவை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தைப் பற்றியும்தான் இந்த அத்தியாயம்.

ஒரு வீட்டுக்கு ஒரு வேலை

எங்கள் அப்பா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் நிரந்தர வேலையில் இருந்தார். சர்வீஸில் இருக்கும்போதே ஒரு மதியம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது, ஐ.டி.ஐ.யில் டர்னர் இரண்டாம் வருஷம். அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். வெல்டிங் முடித்துக் கல்யாணமும் ஆகி, கான்ட்ராக்டில் அலைந்துகொண்டிருந்தார்.

வாரிசு வேலை ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். அது யாருக்கு என்று யாரும் கேட்கக்கூட இல்லை. அண்ணன் மூத்தவர், குடும்பஸ்தர். எனக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மனசாரத்தான் போட்டேன். அந்தக் கையெழுத்து உறுத்தத் தொடங்கியது பிற்பாடுதான்.

அண்ணனுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வாசலில் கம்பெனி பஸ் வந்து நின்றது. எனக்கு இருபத்தைந்து வருஷம் கான்ட்ராக்ட் பாஸ். அது தீர்ந்துபோகும், புதுப்பிப்பேன், மறுபடி தீர்ந்துபோகும். ஒரே கேட்டில் அவர் ஒரு வரிசையில் போவார், நான் இன்னொரு வரிசையில் நிற்பேன். பார்த்தால் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். பகை என்று ஒன்றும் இல்லை. ஆனால் நாக்கில் ஒட்டிய முடி மாதிரி ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்தது.

கடைசியில் கான்ட்ராக்டை விட்டுவிட்டு, மெஷின் வாங்கி, மந்தாரக்குப்பத்தில் கடை போட்டேன். எங்கள் சர்ச் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அண்ணனும் வந்திருந்தார். அவர் பேச்சே குத்தலும் கேலியுமாகத்தான் இருக்கும், அவருக்குப் பிடித்தவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. மெஷினைச் சுற்றி வந்தார், அதன் தலையில் கையை வைத்தார்.

"பாத்திரக் கடக்காரன் கையில வச்சிக்கினு பேரு வெட்றத நீ மேசையில வச்சிருக்க. பொம்ம மெஷினு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எச்சில் விழுங்கிக்கொண்டு சிரிப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இடுப்புயரப் பல்லை வைத்து மண்ணைத் தோண்டுகிற ராட்சதச் சக்கரத்துக்கு வெல்டிங் வைக்கிறவர் அவர். என் மெஷின் அவருக்குப் பொம்மையாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பொம்மைக்காக நான் இருபத்தைந்து வருஷத்தை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அதன்பிறகு அவர் வீட்டுக்கு நான் போகவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டால் கடையில் ஆர்டர் என்பேன். ஈஸ்டருக்குக் கூப்பிட்டால் மாமியார் ஊருக்குப் போகிறோம் என்பேன். ஆறு கிறிஸ்துமஸ் இப்படிப் போனது. என் கோபம் அவருக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியப்படுத்துகிற அளவுக்குத் துணிச்சலும் எனக்கு இல்லை.

காந்தம்

அண்ணிதான் போன் செய்தார். பிலோமினா அண்ணி எங்கள் வீட்டுக்கு வரும்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தவர். அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உடையவில்லை. அண்ணனுக்குக் கணையத்தில் புற்று என்றும், முற்றிவிட்டது என்றும், வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள் என்றும் வரிசையாகச் சொன்னார். உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றார்.

அடுத்த நாள் போனேன். முன்பக்க வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருந்தவர். கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறி இறங்கியது. அலமாரி மேலே ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் துடைத்து வைத்திருந்தார்கள், நாளைக்கே டூட்டிக்குக் கிளம்பப் போகிறவர் மாதிரி. எனக்கு அழுகை வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டு, சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

கடை எப்படிப் போகிறது என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். பெங்களூரிலிருக்கும் மகள் வந்து போனதைச் சொன்னார். அப்புறம் இருவரும் வாசல் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு அண்ணியை அழைத்துக் கட்டிலுக்கடியில் இருந்ததை எடுத்து வரச் சொன்னார். பழைய போர்வைத் துணியில் சுற்றிய தகடு. ஒன்றரைச் சாண் நீளம், ஒரு சாண் அகலம். எண்ணெய் பூசி, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டிருந்தது. எப்போதோ பழைய இரும்புக் கடையில் கிடைத்ததை ஓய்ந்த நேரத்தில் எல்லாம் தேய்த்து வைத்தாராம்.

"என் பேர வெட்டிக் குடு. சிலுவையில போட்றதுக்கு. செத்தப்பறம் நீங்க என்னா வெட்னீங்கன்னு நான் வந்து பாக்கவா முடியும்? இப்பவே பாத்துட்டா நிம்மதியா இருக்கும்."

அண்ணி உள்ளே போய்விட்டார். என்னென்ன வெட்ட வேண்டும் என்று, வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல் கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பெயரும் பிறந்த தேதியும் போதும், இன்னொரு தேதிக்கு இடம் விடு என்றார்.

தகட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தகடுன்னு கேக்கலியே நீ" என்றார்.

"காந்தம் வச்சா தெரிஞ்சிடப்போவுது" என்றேன்.

அந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தது. ஆறு வருஷம் கழித்து, சாகப்போகிற மனிதரிடம், என் தொழிலில் நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று காட்டிக்கொண்டேன். அவர் கைக்கடிகாரத்தைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு சரி என்றார்.

கடைக்கு வந்து காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. எவர்சில்வர் வாங்கப் போகிற பெண்கள்கூடச் செய்கிற சோதனை இது. காந்தம் ஒட்டவில்லை, பளபளவென்று இருக்கிறது, ஆகவே ஸ்டெயின்லெஸ். நோட்டைத் திறந்து ஸ்டெயின்லெஸ் எண்களைப் போட்டேன்.

மெஷின் ஓடுகிறது

முதல் கட்டர் போனதும் ஸ்பீடைக் குறைத்தேன். இரண்டாவது போனதும் ஆழத்தைக் குறைத்தேன். அப்புறம் நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பாடத்தையே மறந்து ஃபீடையும் குறைத்தேன். மற்ற தகடாக இருந்தால் பழுதானால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். இது அவர் கையால் தேய்த்த ஒரே தகடு. கைநடுக்கம் கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷினுக்குக்கூட வரும் என்று அன்று நம்பினேன்.

மூன்றாவது போன அன்று சென்னைக்கு போன் போட்டு, மேலே பூச்சுப் பூசிய கட்டர்கள் அரை டஜன் அனுப்பச் சொன்னேன். மழையில் கூரியர் தாமதமானது. அதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. உயிரோடு இருக்கிறவர் பெயரைக் கல்லறைத் தகட்டில் வெட்டுவதைத் தள்ளிப்போட ஒரு நியாயமான காரணம் கிடைத்தது.

அண்ணி இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்வார். கட்டர் வரணும் அண்ணி என்பேன். கட்டர் வந்த பிறகும் அதையே சொன்னேன். அந்த அரை டஜனிலும் இரண்டை உடைத்திருந்தேன். 'சூ' இன்னும் முடியவில்லை.

ஒரு நாள் அண்ணி, "வேல கஷ்டமா இருக்கா தம்பி? அவர கேக்கட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். பொம்மை மெஷின் என்று சொன்னவரிடம் போய், இந்தத் தகட்டை எப்படி வெட்டுவது என்று கேட்பதா?

"இங்கதான் பக்கத்துல இருக்காரு. பேசறியா?"

"மெஷின் ஓடிகினு இருக்கு அண்ணி. அப்பறம் பேசறேன்."

மெஷின் ஓடவில்லை. சுவிட்சே போடவில்லை. கடைக்குள் மழைச் சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அண்ணிக்கும் அது கேட்டிருக்கும்.

துரு

இரண்டு வாரம் கழிந்தது. ஒரு காலையில் கடையைத் திறந்தபோது தகட்டின் மேல் மிளகு தூவினாற்போல் செம்புள்ளிகள் இருந்தன. முதல் நாள் எண்ணெயைத் துடைத்துவிட்டு அப்படியே விட்டிருந்தேன். ஈரக்காற்று பட்டு, கட்டர் கீறிய தடத்தில் எல்லாம் துரு ஏறியிருந்தது.

ஸ்டெயின்லெஸ் ஒரே இரவில் இப்படித் துருப்பிடிக்காது. தகட்டின் ஓரத்தை கிரைண்டரில் காட்டினேன். ஸ்டெயின்லெஸ் என்றால் சிவந்த பொறி கொஞ்சமாகக் குட்டையாக வரும். இது வெள்ளை வெளேரென்று நீண்டு, நுனியில் பிரிந்து பிரிந்து வெடித்தது.

மாங்கனீஸ் தகடு. நெய்வேலியில் வெல்டர் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்லும் கரியும் ஓயாமல் விழுந்து தேய்க்கிற இடங்களில் பதிப்பது. காந்தம் ஒட்டாது. அடி விழ விழ இறுகும், தேய்க்கத் தேய்க்க இறுகும். என் கட்டர் அதை இரண்டு வாரமாகத் தேய்த்துத் தேய்த்து இன்னும் கெட்டியாக்கிக்கொண்டிருந்தது. என் மாதிரி மேசை மெஷினால் அதில் ஒரு புள்ளிகூட ஒழுங்காக வைக்க முடியாது.

முப்பது வருஷம் அந்தத் தகட்டோடு புழங்கியவர் அண்ணன். தெரியாமல் கொடுத்திருக்க வழியே இல்லை.

கோபம் எனக்குக் காலிலிருந்து ஏறியது. சாகப்போகிற நேரத்திலும் என்னை ஜெயிக்க வேண்டுமா இந்த மனிதர்? பொம்மை மெஷினால் முடியாது என்று நிரூபிக்கத் தன் கல்லறைத் தகட்டையா எடுப்பார்? என்னா தகடுன்னு கேக்கலியே என்று அவர் கேட்டதுகூட இப்போது நக்கலாகத் தெரிந்தது. கடையில் தனியாக நின்று சத்தமாகத் திட்டினேன். அவரை நான் வாய்விட்டுத் திட்டியது வாழ்க்கையில் அது ஒருமுறைதான்.

அந்தச் சூட்டிலேயே ஒரு பித்தளைத் தகட்டை எடுத்து மாட்டினேன். பதினெட்டாயிரம் சுற்று, நானூறு ஃபீடு. இருபது நிமிடத்தில் பெயரும் பிறந்த தேதியும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்து விழுந்தன. 'சூ'வின் வால் ஒரு பிசிறு இல்லாமல் வளைந்து நின்றது. கீழே இன்னொரு தேதிக்கு இடம் விட்டேன்.

இரண்டு தகட்டையும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் போட வேண்டும், கேட்க வேண்டும் என்று நினைத்தேன். என்ன கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். நாளைக்குப் போகலாம், கொஞ்சம் ஆறட்டும் என்று ஒரு நாள். மறுநாளும் அப்படியே. இப்படியே ஆறு நாள் ஓடியது. அண்ணியின் போனை எடுக்காமல் விட்டேன்.

ஏழாம் நாள்

கடைசியில் நான் போனது அண்ணி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துத்தான். 'நினைவு இல்லை. வா.' அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

போய்ப் பார்த்தபோது அண்ணன் கட்டிலில் கிடந்தார். மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. நான் அடுக்கி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. பித்தளைத் தகட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, அண்ணே, வெட்டிட்டேன், பாருங்க என்றேன். இரண்டு தடவை சொன்னேன். கண் திறக்கவில்லை. கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் கடைக்கு வந்து பித்தளையை மறுபடி மெஷினில் மாட்டினேன். விட்டு வைத்திருந்த இடத்தில் இரண்டாவது தேதியை வெட்டினேன். நான்கு நிமிட வேலை. அந்த நான்கு நிமிடமும் மெஷினைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்து, முத்தாண்டிக்குப்பத்தில் எங்கள் குடும்பத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சிலுவையில் பித்தளைத் தகட்டைப் பதித்தேன். உறவுக்காரர்கள் எழுத்தைத் தடவிப் பார்த்து, மிஷின் வேலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

மற்றவர்கள் வேனில் ஏறப் போனதும் நானும் அண்ணியும் மட்டும் நின்றோம். மெழுகுவத்தி காற்றில் அணைந்து அணைந்து போனது. அவர் விடாமல் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னால் அடக்க முடியவில்லை. வெட்டவே வராத தகட்டைக் கொடுத்து, கடைசி நேரத்தில்கூட அண்ணன் என்னை ஏன் இப்படிக் கேலி செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அந்த இடத்தில் கேட்கிற கேள்வியா அது? கேட்டேன்.

அண்ணி தீக்குச்சியைக் கீழே போட்டார்.

"உன்ன கேலி பண்ற நேரமா தம்பி அது அவருக்கு?" என்றார். "வராதுன்னு தெரிஞ்சிதான் குடுத்தாரு. 'முட்டி முட்டிப் பாப்பான், வராது, என்னாண்ட கேக்க வருவான். இத வச்சியாவது நாலு தரம் வந்து போவான்'னு சொல்லிகினு இருந்தாரு. நேரா வாடான்னு கூப்புட அவருக்கு வாய் வரல."

கூப்பிட்டிருக்கலாமே அண்ணி என்றேன்.

"நீ வந்திருக்கலாமே" என்றார்.

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. பிறகு சிலுவையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெனமும் சாயங்காலம் அஞ்சு மணியானா சட்ட போட்டு வுடுன்னுவாரு. கை தூக்க முடியாது. பல்ல கடிச்சிக்கினு போட்டுக்குவாரு. கட மூடிட்டு வந்தாலும் வருவான், வெறும் ஒடம்போட எப்டிடீ உக்காந்திருக்கிறதுன்னுவாரு. இருட்டிப்போனப்பறம் நான்தான் கழட்டி வுடுவேன்."

வேனில் ஹாரன் அடித்தார்கள். அண்ணி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார்.

தகடு வாங்கிய நாளிலிருந்து அவருக்கு நினைவு தப்பிய நாள்வரை நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இருபத்தொரு சாயங்காலம். என் வீடு டவுன்ஷிப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கடையைப் பூட்டிக்கொண்டு, அவர் குவார்ட்டர்ஸ் இருந்த பிளாக்குக்குத் திரும்புகிற முனையைத் தாண்டித்தான் தினமும் நான் வீட்டுக்குப் போனேன்.